சோர்வுறாமை: எவ்வுள் திருமொழியின் மூன்றாம் பாசுரத்தை முன்னிட்டு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெரிய திருமொழி இரண்டாம் பத்தின் இரண்டாம் திருமொழியில் முதலிரண்டு பாசுரங்களைச் சென்ற இதழ்களில் அநுபவித்தோம். திருவள்ளூரில் கோயில்கொண்டுள்ள ஸ்ரீவீரராகவப் பெருமாள் விஷயமான பதிகம் இது. பலஸ்ருதிப் பாசுரம் நீங்கலாக ஒவ்வொரு பாசுரமும், பெருமானின் ஏதோ ஒரு பெருஞ்செயலைச் சொல்லி, அதைச் செய்தவனே இங்கே எவ்வுளில் சயனித்திருக்கிறான் என்று வந்து நிற்கிறது. முதலிரண்டிலும் இலங்கை வேந்தனை முடித்த வீரம் பேசப்பட்டது. மூன்றாம் பாசுரத்தில் திருமங்கையாழ்வார் இரண்டு தூதுகளை அருகருகே வைக்கிறார். முன்பு ஒரு வானரத்தின் வாயிலாகச் சொல்லியனுப்பி, அரக்கன் நகரை அம்பினால் அழித்தவன் ஒருவன். பின்பு அரசர்களுக்காகத் தானே தூதனாய் நடந்தவன் ஒருவன். அவ்விருவரும் ஒருவனே, அவனே எவ்வுள் பெருமான் என்பது பாசுரத்தின் திரண்ட பொருள்.

பதவுரையும் வ்யாக்யானத்தின் சுருக்கமும் அடுத்த இதழில் வரும். இவ்விதழில், தூது சென்ற அந்த வானரத்தோடு சற்று நின்று ஒரு விஷயத்தை ஆராய விரும்புகிறேன். அதற்குக் காரணம் எங்கள் ஞாயிற்றுக்கிழமை கோஷ்டியில் எழுந்த ஒரு கேள்வி. கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், பஞ்ச ஸம்ஸ்காரம் பெற்றவர், இக்கோஷ்டிக்கு இயன்றபோது வந்துகொண்டிருந்தார். சென்ற மார்கழியில் ஒரு மாதத்துக்குள் திருவாய்மொழி 1102 பாசுரங்களையும் சேவித்து முடிப்பதென்று ஸங்கல்பித்துத் தொடங்கினார். பதினோராம் நாளில் இரவு ஷிப்டு வந்தது. காலை ஆறு மணிக்கு வேலை முடித்து, உலைச் சூட்டில் காய்ந்த உடம்போடு அறைக்குத் திரும்பினால் உறக்கமே முந்திற்று. மூன்று நாள் விட்டுப்போயிற்று. அதன்பின் இரண்டு மாதங்கள் கோஷ்டிக்கும் வரவில்லை. பிறகு ஒருநாள் வந்தவர், “ஸ்வாமி, புத்தகத்தைத் தொடவே கூச்சமாயிருக்கிறது. எனக்கு அந்த மனவலிமை கிடையாது என்று தெரிந்துபோயிற்று. அது பிறவியிலே வருவதா, வரவழைத்துக்கொள்வதா?” என்று கேட்டார். அவருடைய அநுமதியுடன், பெயர் சொல்லாமல், கேள்வியை இங்கே எழுதுகிறேன். வாசகர்களில் பலருக்கும் இதே கேள்வி வேறு உருவில் இருக்கக்கூடும்.

ஸ்ரீராமாயணத்தில் மனவலிமைக்கு எடுத்துக்காட்டாக அனைவரும் சொல்வது திருவடியை, அதாவது அநுமனை. கடலைத் தாண்டியதும், அக்ஷகுமாரனை வதைத்ததும், இலங்கையை எரித்ததும் உபந்யாஸங்களில் விரிவாகப் பேசப்படுகின்றன. ஆனால் ஸுந்தர காண்டத்தின் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் ஸர்க்கங்களை எத்தனை பேர் நிறுத்தி வாசிக்கிறோம்? கடலைத் தாண்டிய அதே இரவில், அந்த மஹாபலசாலி முற்றிலும் மனமொடிந்து போகிறார்.

ராவணனுடைய அந்த:புரம் முழுவதும் தேடியாயிற்று. பிராட்டி அகப்படவில்லை. அப்போது அவர் மனத்தில் முதலில் எழுவது என்ன? தம் உடல்வலிமையைப் பற்றிய ஐயமன்று. திரும்பிச் சென்றால் மறுகரையில் காத்திருக்கும் கிழவர் ஜாம்பவானும் இளவரசன் அங்கதனும் என்ன சொல்வார்கள் என்ற எண்ணமே. வெறுங்கையோடு போய் நிற்கும் கூச்சம்! நம் இளைஞரின் கூச்சத்துக்கு இத்தனை பெரியவர் துணையிருக்கிறார். பிறகு, தளராமையே எல்லாச் செல்வத்துக்கும் வேர் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, தேடாத இடங்களில் தேடுவதென்று எழுகிறார். நான்கு விரற்கிடை அளவு இடம்கூட விடாமல் அந்த:புரம் முழுவதும் அலைந்ததாக வால்மீகி பகவான் அருளிச்செய்கிறார்.

நாம் எதிர்பார்ப்பது, இந்த நல்லெண்ணம் பிறந்தவுடன் பிராட்டி கண்ணில் படவேண்டும் என்பது. வால்மீகி அப்படிச் செய்யவில்லை. மறுபடியும் தேடுகிறார், மறுபடியும் காணவில்லை. பதின்மூன்றாம் ஸர்க்கத்தில் வரும் சோர்வு முதலில் வந்ததைவிடப் பெரியது. தாம் திரும்பிச் சென்றால் பெருமாள் பிழையார், பின் இளையபெருமாள், பரதாழ்வான், ஸுக்ரீவ மஹாராஜர் என்று ஒவ்வொருவராக அழிவதை மனத்தில் எண்ணி, இனித் திரும்புவதே இல்லை, தவசியாகிவிடலாம், அல்லது தீயில் புகலாம் என்ற எல்லைவரை போகிறார். உயிரோடிருப்பவனுக்கே நன்மை கிட்டும் என்ற எண்ணம் அங்கிருந்து அவரை மீட்கிறது. அதன்பின்னரே, இன்னும் தேடாத அசோகவனம் கண்ணில் படுகிறது. பெருமாளையும் இளையபெருமாளையும் பிராட்டியையும் மற்றும் தேவர்களையும் தொழுது, பிறகே அவ்வனத்தை நோக்கிப் பாய்கிறார்.

ஆக, ஒரே இரவில் இருமுறை சோர்வு. முதல் முறை மீண்டதற்குப் பலன் உடனே கிடைக்கவுமில்லை. பலமுடையவனுக்குச் சோர்வு வராது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். திருவடிக்கே இருமுறை வந்தது. அவரிடம் நாம் காணும் பலம், வந்த சோர்வு அங்கேயே குடியிருந்துவிடாமல் பார்த்துக்கொண்டது. அந்தத் தூதனைத்தான் ஆழ்வார் இப்பாசுரத்தில் எவ்வுள் பெருமானுக்கு அடையாளமாகச் சொல்கிறார்.

இதையே சாஸ்த்ர முறையில் வகுத்துச் சொல்லும் இடம் ஸ்ரீபாஷ்யத்தில் உண்டு. அடியேன் வணிகவியல் படித்து வங்கியில் காலம் கழித்தவன். வடமொழி வித்வான் அல்லன். பெரியோர் திருவடியில் காலக்ஷேபமாகக் கேட்ட அளவைக்கொண்டு எழுதுகிறேன். முதல் ஸூத்ரத்தின் லகு ஸித்தாந்தப் பகுதியில், இடையறாத பகவத் த்யானம் கைகூடுவதற்கு வேண்டியவை ஏழு என்று வாக்யகாரரின் கூற்றை எம்பெருமானார் எடுத்தருளுகிறார். விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன அவை. விவேகம் ஆஹார சுத்தி. விமோகம் ஆசைகளில் ஒட்டாமை. கல்யாணமாவது ஸத்யம், நேர்மை, தயை, தானம், அஹிம்ஸை முதலிய நற்குணங்கள். இவற்றை இங்கே விரிக்கவில்லை. நம் கேள்விக்கு நேரே விடை சொல்வன மற்ற நான்கும்.

அநவஸாதம் என்பதற்குச் சோர்வுறாமை என்று பொருள். முதலில் சோர்வு எதனால் வருகிறது என்று அங்கே காரணம் சொல்லப்படுகிறது. இடமும் காலமும் அநுகூலமாக அமையாமை ஒன்று; துக்கம் தந்த விஷயங்களைத் திரும்பத் திரும்ப நினைத்தல் மற்றொன்று. இவற்றால் மனம் ஒளி மழுங்கிக் கிடப்பதே அவஸாதம். அஃதின்றி இருப்பது அநவஸாதம். இதற்கு ப்ரமாணமாக, பலமில்லாதவனால் இந்த ஆத்மா அடையப்படுவதில்லை என்னும் பொருள்பட்ட முண்டகோபநிஷத் வாக்யம் காட்டப்படுகிறது. இங்கே பலம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் தோள்வலியையோ, பிடிவாதத்தையோ, புகைவண்டி நிலையக் கடைகளில் விற்கும் தன்னம்பிக்கைப் புத்தகங்கள் பேசும் வெற்றி வேகத்தையோ நினைப்போம். வாக்யகாரர் அதைக் கொண்டுபோய் வைத்த இடம் ‘மனம் மழுங்காமலிருத்தல்’.

‘இடமும் காலமும் அநுகூலமாக அமையாமை’ என்பதைக் கேட்டபோது அந்த இளைஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு வாரம் காலை ஆறு முதல் பகல் இரண்டு வரை; மறுவாரம் இரண்டு முதல் இரவு பத்து வரை; அதற்கடுத்த வாரம் பத்து முதல் விடியற்காலை ஆறு வரை. ஊரெல்லாம் ப்ரஹ்ம முஹூர்த்தமென்று எழும் வேளையில் அவர் செந்தணலாய் வரும் கம்பியின் முன்னே கண்கூசி நின்றுகொண்டிருப்பார். இதைவிடத் தெளிவான தேச கால வைகுண்யம் வேறு எது? தமக்கு மனவலிமை பிறவியிலேயே இல்லை என்று அவர் முடிவுகட்டியிருந்தார். பெரியோர்களோ, இப்படிப்பட்ட தேச காலத்தில் மனம் மழுங்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து, காரணத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள். காரணம் தெரிந்த நோய்க்கு ‘என் பிறவிக் குணம்’ என்று பெயரிட வேண்டியதில்லை.

ஏழாவதான அநுத்தர்ஷம் இதற்கு மறுபுறம். அளவுகடந்த பூரிப்பு உத்தர்ஷம், அஃதின்மை அநுத்தர்ஷம். சோர்வைத் தள்ளச் சொன்ன அதே மூச்சில் பூரிப்பையும் தள்ளச் சொல்வது முதலில் வியப்பைத் தரும். மார்கழி முதல் தேதியின் ஸங்கல்பங்களை நினைத்துப் பார்த்தால் வியப்பு நீங்கிவிடும். முதல் நாள் எண்பது பாசுரம், இரண்டாம் நாள் அறுபது, பத்தாம் நாள் ஒன்றுமில்லை. பதினோராம் நாளின் சோர்வுக்கு விதை முதல் நாளின் பூரிப்பிலேயே விழுந்துவிட்டது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து வைத்த வாக்யகாரருக்கு மனித மனம் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அப்யாஸம் என்பது மீண்டும் மீண்டும் அதே விஷயத்தைப் பற்றிப் பழகுதல். இதற்கு நம் ஸம்ப்ரதாயத்திலேயே ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. நாதமுனிகள் ஆழ்வார்திருநகரியில் கண்ணிநுண் சிறுத்தாம்பை 12,000 முறை அநுஸந்தித்து நம்மாழ்வாரை ஸேவித்தார் என்று குருபரம்பரை கூறும். பதினொரு பாசுரங்கள், ஆகவே 1,32,000 பாசுரங்கள். ஒருமுறை சேவிக்க ஐந்து நிமிடம் என்று கொண்டால் 1000 மணி நேரம். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் இடைவிடாமல் சேவித்தாலும் எண்பத்து மூன்று நாட்களுக்கு மேலாகும். நாலாயிரமும் நமக்குக் கிடைத்தது இந்தப் பழக்கத்தின் பின்னே. 11,999ஆம் முறை முடிந்தபோது புளியமரத்தடியில் என்ன நிகழ்ந்திருக்கும் என்று அடியேன் நினைப்பதுண்டு.

எம்பெருமானார் திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை எழுந்தருளியதும் இத்தகையதே. கோபுரத்தின்மேல் ஏறி அனைவருக்கும் அர்த்தத்தை வெளியிட்ட கட்டத்துக்கு விரைந்து போய்விடுவது உபந்யாஸகர்களின் வழக்கம். அதற்கு முன் பதினேழு முறை வெறுங்கையோடு திரும்பிய வழி இருக்கிறதே! ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூர் இன்றைய சாலைக் கணக்கில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். போகவர என்று பெருக்கினால் 3600 கிலோமீட்டர் வரும். கோபுரத்தில் வெளிப்பட்ட கருணையை இந்த நடையிலிருந்து பிரித்துப் பார்க்க அடியேனுக்குத் தோன்றவில்லை. பெறுவதற்கு இத்தனை அலைந்தவருக்கே, பிறர் அலையவேண்டாம் என்ற திருவுள்ளம் உண்டாகும்.

இனி நம் மாவட்டத்துக்கே வருவோம். எவ்வுள் என்ற திருநாமத்துக்குக் காரணமான ஸ்தல புராணத்தை வாசகர்கள் அறிவர். சாலிஹோத்ர மஹரிஷி வீக்ஷாரண்யம் எனப்பட்ட இவ்விடத்தில், ஹ்ருத்தாபநாசினிக் கரையில், ஓராண்டு உண்ணாமல் தவமிருந்து, தை அமாவாஸையன்று அரிசிமாவை நிவேதனம் செய்து, அதிதிக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவிட்டுத் தம் பங்கை உண்ணக் காத்திருந்தார். முதியவர் ஒருவர் வந்தார். தம் பங்கை உண்டார், பசி தீரவில்லை என்று ரிஷியின் பங்கையும் கேட்டு உண்டார், போய்விட்டார். ரிஷி மறுபடியும் ஓராண்டுத் தவத்தில் அமர்ந்தார். அடுத்த தை அமாவாஸையில் அம்முதியவரே வந்து, அதேபோல் அனைத்தையும் உண்டு, படுத்துறங்க எந்த உள் என்று கேட்க, ரிஷி தம் குடிலின் உள்ளைக் காட்ட, அங்கே எம்பெருமானாய்ச் சயனித்தருளினான். இன்றும் மூலவரின் வலத் திருக்கரம் சாலிஹோத்ரரின் தலைமேல் இருப்பதைச் ஸேவிக்கிறோம்.

தை அமாவாஸைதோறும் இக்கதை சொல்லப்படுகிறது. விருந்தோம்பலின் பெருமையே அதில் பேசப்படுகிறது. அடியேனுடைய மனம் செல்வது முதலாண்டின் முடிவிலுள்ள அந்த ஒரு நாளுக்கு. ஓராண்டு உண்ணாமலிருந்து, கைக்கெட்டிய பிடி மாவும் போய், தர்சனமும் கிடைக்காமல், வந்தவர் யாரென்றும் அறியாமல் நின்ற பொழுது. ‘இவ்வளவு செய்தும் என்ன கண்டோம்’ என்று கேட்க ரிஷிக்கு எல்லா நியாயமும் இருந்தது. அந்தக் கேள்வி புராணத்தில் இல்லை. அடுத்த வரியிலேயே இரண்டாமாண்டுத் தவம் தொடங்கிவிடுகிறது. அன்று தன் மாவைத் தின்றுவிட்டுப் போனவனே தேடிய பொருள் என்பது அவருக்குத் தெரிய ஓராண்டு ஆயிற்று. பயன் தராததுபோல் தோன்றிய முதலாண்டு வீணாகவில்லை; அவன் அப்போதே வந்துவிட்டிருந்தான்.

இவ்விடத்தில் ஒரு வங்கிக்காரனின் அநுபவத்தைச் சொல்வதைப் பொறுத்தருள வேண்டும். தொழிற்பேட்டைப் பகுதிக் கிளையொன்றில் அடியேன் சில ஆண்டுகள் பணியாற்றினேன். ஆலைத் தொழிலாளர்கள் பலர் தொடர் வைப்புக் கணக்கு, அதாவது ஆர்.டி., தொடங்குவார்கள். மாதம் 500 ரூபாய், ஐந்தாண்டு. கட்டும் தொகை 30,000. இடையில் கணக்கை முறித்துப் பணத்தை வாங்கிச் சென்றவர்களைப் பற்றி ஒன்றைக் கவனித்தேன். பணமில்லாமையால் முறித்தவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வேறு பலர் இரண்டு மூன்று தவணை தவறியபின் கவுன்ட்டருக்கு வரக் கூசியே நின்றுபோனவர்கள். தவறிய தவணைக்கு வங்கி வாங்குவது மிகச் சிறிய தொகை. அதைக் கட்டிவிட்டு நான்காம் தவணையையும் சேர்த்துக் கட்டலாம். ‘தவறிவிட்டோம்’ என்ற நினைவு அவர்களை வாசலிலேயே தடுத்தது. மூன்று தவணையால் போகாத கணக்கு அந்த நினைவால் போயிற்று. துக்கம் தந்ததைத் திரும்பத் திரும்ப நினைப்பது மனத்தை மழுக்கும் என்ற வாக்யத்தை ஸ்ரீபாஷ்ய காலக்ஷேபத்தில் கேட்டபோது, அடியேனுக்கு நினைவு வந்தவர்கள் அந்த வாடிக்கையாளர்களே.

அக்கணக்கில் இன்னொன்றும் உண்டு. முதல் தவணைக்கு அறுபது மாத வட்டி. கடைசித் தவணைக்கு ஒரே மாத வட்டி. பாஸ்புத்தகத்தில் ஒன்றுமே சேராததுபோல் தோன்றும் தொடக்க மாதங்களின் பணமே நெடுங்காலம் உழைக்கிறது.

இனி ஒரு தடையைப் பரிஹரிக்க வேண்டும். நம் ஸித்தாந்தத்தில் எம்பெருமானே உபாயம். ஸ்வயத்னத்தை உபாயமாகக் கொள்ளலாகாது என்று பூர்வாசார்யர்கள் கண்டிப்பாக அருளிச்செய்திருக்கிறார்கள். ஸ்ரீபாஷ்யத்தின் அந்த ஏழும் பக்தியோகம் செய்பவனுக்குச் சொல்லப்பட்டவை. ப்ரபந்நனுக்கு இந்த விடாமுயற்சிப் பேச்செல்லாம் எதற்கு? கோஷ்டியில் ஒரு பெரியவர் இதைக் கேட்டார்; கேட்கவேண்டிய கேள்விதான்.

விடை இரண்டு படியாக வரும். முதலாவது, சரணாகதியின் அங்கங்களிலேயே மஹாவிச்வாஸம் ஒன்று. அவன் காப்பான் என்ற அசையாத உறுதி இல்லாவிடில் ப்ரபத்தியே நிற்காது என்பதில் இரு ஸம்ப்ரதாயத்தாருக்கும் பேதமில்லை. மூன்று நாள் பாசுரம் விட்டதற்கே ‘நான் தகுதியற்றவன், இனி எனக்கு இது இல்லை’ என்று ஒதுங்குவது பணிவுபோல் தோன்றினாலும், உள்ளே பார்த்தால், தன் முயற்சியின் மேலேயே கண் வைத்திருப்பவனின் பேச்சு அது. முயற்சி சரியாக நடந்தால் பூரிப்பு, தவறினால் சோர்வு. இரண்டிலும் எம்பெருமான் இல்லை. ஸ்வயத்னத்தை உபாயமாகக் கொள்ளாதவனுக்குத்தான் தவறியபின் மறுபடி தொடங்குவது எளிது. அவன் இழக்க ஒன்றுமில்லை. கைங்கர்யம் ஒருநாள் விட்டுப்போயிற்று, மறுநாள் செய்கிறான்.

இரண்டாவது, பொறுமையோடு விடாமல் முயல்பவன் முதலில் எம்பெருமானே. ஆசார்யர்கள் அவனை உழவனாகச் சொல்வார்கள். நாம் அவன் பயிர். திருமழிசையாழ்வார், நான்முகன் திருவந்தாதியில் குடந்தை, வெஃகா, எவ்வுள், அரங்கம், பேர், அன்பில், பாற்கடல் என்று அரவணையில் அவன் கிடக்கும் இடங்களை அடுக்கி, அன்பர்களின் கருத்தில் புகுவதற்கே இப்படிக் கிடக்கிறான் என்று காட்டுகிறார். இதை அருளியவர் இதே மாவட்டத்துத் திருமழிசையில் அவதரித்தவர். இன்று அவ்வூரைச் சுற்றியும் தொழிற்பேட்டைதான். நம் மனத்தில் இடம் கிடைக்கும்வரை எத்தனை காலமாயினும் கிடப்பது என்று அவன் தளராமல் இருக்கும்போது, மூன்று நாளில் நாம் நம்மைக் கைவிட என்ன உரிமை? ஆழ்வாரின் பாசுரத்தில் இரண்டாவது தூதைக் கவனியுங்கள். தூது பயன்படாது என்று தெரிந்தும் பாண்டவர்களுக்காக நடந்தவன் அவன்.

பூந்தமல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகளின் வரலாறும் இங்கே பொருந்தும். பூந்தோட்டம் வளர்த்து, மாலை கட்டிக் காஞ்சிக்குச் சுமந்து சென்று, பேரருளாளனுக்கு ஆலவட்டம் வீசினார். விசிறுவதைவிட எளிய, ஒரேவிதமான, தினந்தோறும் முடிந்து தினந்தோறும் தொடங்கும் தொண்டு இல்லை. முதுமையில் அவரால் நடக்க இயலாமற்போனபோது பெருமாளே பூந்தமல்லிக்கு எழுந்தருளினான் என்று அவ்வூர் வரலாறு சொல்கிறது.

மீண்டும் இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். நித்ய கர்மாநுஷ்டானங்களின் கால நியமத்தைப் பற்றி அவர் தம் ஆசார்யரைக் கேட்டுத் தெளிய வேண்டும். அதில் அடியேன் தலையிடவில்லை. ப்ரபந்த அநுஸந்தான அளவில் நாங்கள் பேசி முடிவுசெய்தது இது. திருவாய்மொழியில் நூறு பதிகங்கள். ஒன்றைத் தவிர மற்றவை பதினொரு பாசுரங்கள் கொண்டவை. இரண்டாம் பத்தில் ஏழாவது மட்டும் பதின்மூன்று. நாளொன்றுக்கு ஒரு பதிகம் வீதம் சேவித்தால் நூறு நாளில் ஒரு சுற்று, ஓராண்டில் மூன்று சுற்றுக்கு மேல். நிதானமாகச் சேவித்தாலும் ஒரு பதிகத்துக்குப் பத்து நிமிடம் போதும். மணி குறிக்கவில்லை, ‘ஷிப்டு முடிந்து நீராடியபின், உணவுக்கு முன்’ என்று வரிசை குறித்தோம். ஷிப்டு மாறினாலும் நீராட்டமும் உணவும் உண்டல்லவா? வாக்யகாரர் க்ரியையைச் சொல்லும்போது சக்திக்கு இயன்றபடி என்று அளவு வைத்திருப்பதை இதற்கு ஆதாரமாகக் கொண்டோம்.

ஒருநாள் விட்டுப்போனால்? மறுநாள் இரண்டாகச் சேவிக்கக்கூடாது என்றே அடியேன் சொன்னேன். கோஷ்டியில் சிலர் இதை ஒப்பவில்லை. தவறியதை ஈடுசெய்வதே முறை என்றனர். ஆனால் இரண்டு நான்காகி, நான்கு எட்டாகும்போது பழைய கூச்சம் திரும்பி வரும். விட்ட இடத்திலிருந்து ஒன்றே ஒன்று. நூறு நாள் நூற்றைந்து நாளாகட்டும். ஸ்ரீகீதையின் இரண்டாம் அத்யாயத்தில், இவ்வழியில் தொடங்கிய முயற்சி வீணாவதில்லை என்று கண்ணன் அருளிய இடத்துக்கு (2.40) எம்பெருமானார் உரையிடும்போது, தொடங்கி முடிவுபெறாமல் இடையில் அறுந்துபோனதற்கும் பயனில்லாமற்போவதில்லை என்று அறுந்ததையும் சேர்த்தே அருளியிருக்கிறார். இதற்குமேல் உறுதி வேண்டியதில்லை.

ஆலையில் நிற்கும் எட்டு மணி நேரத்தைப் பற்றியும் கேட்டார். அழுக்கும் எண்ணெயும் வியர்வையுமான இடத்தில் திருநாமத்தை நினைக்கலாமா என்பது அவர் தயக்கம். பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில், ப்ரபத்திக்கு தேச நியமமும் கால நியமமும் இல்லை என்று நிலைநாட்டி, த்ரௌபதி நீராடிவிட்டுச் சரணம் புகவில்லை என்பதையும், அர்ஜுனன் சரம ச்லோகத்தின் அர்த்தத்தைக் கேட்ட இடம் எப்படிப்பட்டவர் நடுவே என்பதையும் எடுத்துக்காட்டுகிறார். போர்க்களத்தில் ஆகுமாயின் உலைக்களத்தில் ஆகாதோ? இயந்திரத்தின்மேல் கண் இருக்கவேண்டிய வேளையில் கண் அங்கேயே இருக்கட்டும். தேநீர் இடைவேளையில் த்வயத்தை ஒருமுறை நினைத்தால் போதும் என்றேன். விரலையும் கண்ணையும் காத்துக்கொள்வதும் அவன் தந்த சரீரத்துக்குச் செய்யும் கடமை.

இதை எழுதும்போது அவர் முதற்சுற்றில் நான்காம் பத்தில் இருக்கிறார். இடையில் ஆறு நாட்கள் விட்டுப்போனதாக, இம்முறை கூச்சமின்றிக் கணக்குச் சொன்னார். தை அமாவாஸைக்குத் திருவள்ளூர் வரவேண்டுமென்று ஆசை. கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் வருவதாயின் சென்னைக்குப் போய் வண்டி மாற வேண்டும், அன்று ஷிப்டு எதுவென்று இன்னும் தெரியவில்லை.

அடுத்த இதழில் இப்பாசுரத்தின் பதவுரையும், பெரியவாச்சான் பிள்ளை வ்யாக்யானத்தின் சுருக்கமும். கோஷ்டியில் கருத்து வேறுபட்ட அன்பர்கள் தங்கள் பக்ஷத்தை எழுதியனுப்பினால் அதையும் சேர்த்து ஆராயலாம்.

அடியேன்,
ராமாநுஜ தாஸன்